இயேசுவின் பெயரே இல்லாத சாக்கடல் சுருள்கள், தொடக்கக் கிறிஸ்தவத்தைப் புரிந்துகொள்ள எவ்வாறு உதவும்?

இயேசுவோ அவருடைய சீடர்களோ அந்தச் சுருள்களில் இடம்பெறவில்லை என்று கேள்வியில் நீங்கள் குறிப்பிட்டிருப்பது சரியே. 1947 முதல் 1956 வரை சாக்கடலை ஒட்டிய கும்ரான் பகுதியின் 11 குகைகளில் கிடைத்த ஏறத்தாழ 900 கையெழுத்துப் பிரதிகளுள் பெரும்பாலானவை இயேசுவின் காலத்துக்கு முற்பட்டவை. என் பார்வையில் அவற்றின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. பின்னாளில் கிறிஸ்தவர்களின் கைபடாத யூதச் சிந்தனையை அவற்றில் நேரடியாக வாசிக்கலாம்.

நான்காம் குகையில் கிடைத்து, 521 என்று எண்ணிடப்பட்ட எபிரேயப் பிரதியின் ஒரு துண்டு, வானமும் பூமியும் மேசியாவுக்கு (யூதர் எதிர்பார்த்த மீட்பருக்கு) செவிகொடுக்கும் என்று கூறிவிட்டு, ஆண்டவர் காயமுற்றோரைக் குணமாக்குவார், இறந்தோரை உயிர்ப்பிப்பார், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிப்பார் என்று அடுக்கிச் செல்கிறது. "வருகிறவர் நீர்தானா?" என்று சிறையிலிருந்த திருமுழுக்கு யோவான் ஆளனுப்பிக் கேட்டபோது இயேசு அளித்த பதிலிலும் (மத்தேயு 11), இறந்தோர் எழுவதும் ஏழைகள் நற்செய்தி பெறுவதும் இதே வரிசையில் வருகின்றன. இரண்டுக்கும் பின்னணியாக உள்ள ஏசாயா 61ஆம் அதிகாரத்தில் ஏழைகளுக்கான நற்செய்தி உண்டு, இறந்தோர் எழுவது இல்லை. ஆகவே இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் எதிர்பார்ப்பு, நற்செய்தி நூல்கள் எழுதப்படுவதற்கு முன்பே யூதரில் சிலரிடம் இருந்திருக்கிறது.

அதே குகையின் அரமேயத் துண்டு ஒன்று, ஒருவர் "கடவுளின் மகன்" என்றும் "உன்னதரின் மகன்" என்றும் அழைக்கப்படுவார் என்கிறது. மரியாளிடம் வானதூதர் சொல்வதாக லூக்கா எழுதும் சொற்களும் இவையே. அவர் மேசியாவா, தன்னையே உயர்த்திக்கொண்ட பகையரசனா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எப்படியிருப்பினும், "கடவுளின் மகன்" என்ற பட்டம் கிரேக்க உலகிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற பழைய வாதம் இதனால் வலுவிழக்கிறது.

ஒப்புமையைக் கண்டதும் இயேசுவை, இச்சுருள்களோடு தொடர்புபடுத்தப்படும் கும்ரான் யூதக் குழுவைச் சேர்ந்தவராக்கிவிடும் பரபரப்பான எழுத்துகளை நம்ப வேண்டியதில்லை. வேற்றுமைகளும் அதே அளவுக்குப் பயன்படுகின்றன. கெய்ரோவில் முன்பே கிடைத்து, கும்ரானிலும் பிரதிகள் கண்டெடுக்கப்பட்ட தமஸ்கு ஆவணம் என்ற யூத விதிநூல், ஓய்வுநாளில் குழிக்குள் விழுந்த விலங்கைத் தூக்கிவிடக்கூடாது என விதிக்கிறது. ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாதவர் உங்களில் யார் என்று மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்கிறார். அவ்வாறு தூக்கிவிடக்கூடாது என்போரும் அன்று இருந்தார்கள் என்பதை அறிந்தபின் வாசித்தால், அக்கேள்வி நடந்துகொண்டிருந்த ஒரு சட்ட விவாதத்துக்குள் எழுந்தது என்பது புலப்படும்.