நகையை அடகு வைத்து ஃப்ளெக்ஸ் கட்டலாமா?

கேள்வி: அடுத்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கப்போவதாக என் தம்பி சொல்கிறான். தெருவெல்லாம் ஃப்ளெக்ஸ், கேபிள் டி.வி. விளம்பரம், ஒரு சின்னத்திரை நடிகரின் பிரசாரம், எங்கள் சாதிச் சங்கத் தலைவரின் ஆதரவு அறிக்கை என்று அவன் நண்பர்கள் மூன்று லட்சத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். என் நகையை அடகு வைத்துத் தரச் சொல்கிறான். இதெல்லாம் ஓட்டாக மாறுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நகையைக் கொடுக்காதீர்கள். தம்பி மேல் உள்ள பாசம் வேறு, இந்தக் கணக்கு வேறு.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-ல் டெக்சாஸ் ஆளுநர் தேர்தலையொட்டி, எந்தப் பகுதியில் எப்போது டி.வி. விளம்பரம் ஓட வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். விளம்பரம் ஓடியபோது ஆதரவு நன்றாகவே ஏறியது. ஓரிரு வாரத்தில் அது கரைந்தும் போனது. 1998-ல் நியூ ஹேவன் நகரில் நடந்த இன்னொரு சோதனையில், நேரில் வீட்டுக்கு வந்து பேசியவர்களால் ஓட்டுப்பதிவு கூடியது. தொலைபேசி அழைப்புகளால் பலனே இல்லை.

உங்கள் கடலூரில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பதே வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான். அதற்கு முன்பு கட்டும் ஃப்ளெக்ஸில் வெறும் முகம்தான் இருக்கும். எதிரே நிற்பவையோ உதயசூரியனும் இரட்டை இலையும். பாட்டி காலத்திலிருந்து கண்ணுக்குப் பழகிய சின்னங்கள் அவை. ஆகவே பணத்தைத் தொடாமல் வைத்திருந்து, சின்னம் கைக்கு வந்த அன்று செலவைத் தொடங்கச் சொல்லுங்கள். நோட்டீஸில் தம்பியின் படத்தைவிடச் சின்னம் பெரிதாக இருக்கட்டும். இயந்திரத்தில் எத்தனையாவது பெயர் என்ற எண்ணும் இருக்கட்டும். அதே பெயரில் இன்னொருவர் நின்றால் அந்த எண்தான் காப்பாற்றும். ஆட்டோ மைக்கில் பெயர், சின்னம், எண், இவை மூன்று மட்டும் போதும். வார்டு விளம்பரத்தால் ஆகக்கூடியது இந்த ஞாபகம்தான். மனத்தை மாற்றும் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மனத்தை மாற்றுவது தெரிந்தவர் வாக்கு. நடிகர் வந்தால் கூட்டம் கூடும், செல்ஃபி எடுக்கும். சாயங்காலமே அவர் சென்னைக்குக் கிளம்பிவிடுவார். உங்கள் தம்பியை அவருக்கு முன்பின் தெரியாது என்பது கைதட்டுகிறவர்களுக்கும் தெரியும். அதே தெருவில் மகளிர் குழு நடத்தும் ஓர் அக்கா, "2015 மழையில நம்ம தெருவுல தண்ணி நின்னப்ப மோட்டார் கொண்டாந்து எறைச்சது இந்தப் பையன்தான்" என்று சொன்னால் அதன் எடையே வேறு. நாளைக்குப் பையன் ஏமாற்றினால், குழாயடியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே! சொல்பவருக்கும் இழக்க ஏதோ இருக்கிறது என்பதால்தான் கேட்பவர் நம்புகிறார். ஆனால் அந்த மோட்டார் உண்மையிலேயே வந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் ஃப்ளெக்ஸ் கணக்கு இருக்கிறது. தம்பி வார்டுக்கு என்ன செய்தான் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

சாதித் தலைவரின் அறிக்கை கட்டாயம் வேண்டாம். சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது சட்டப்படி முறைகேடு. அதோடு, சில ஆயிரம் ஓட்டுள்ள வார்டில் ஒரு சாதியின் பெயரைச் சொன்னதுமே மற்ற வீடுகளின் கதவு சாத்திக்கொள்ளும். கடைசி இரவில் 'கவர்' கொடுக்கலாம் என்று நண்பர்கள் வந்தால், அதற்கும் உங்கள் வீட்டில் இடமில்லை என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

தம்பியிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். காசு வாங்காமல் அவனோடு வீடு வீடாக வந்து, "இவனை எனக்குத் தெரியும்" என்று சொல்லத் தயாராக இருப்பவர்களின் பெயர்களைத் தெருவாரியாக எழுதச் சொல்லுங்கள். தெருவுக்கு இரண்டு பேர் தேறினால், நோட்டீஸுக்கும் ஆட்டோவுக்கும் ஆகும் செலவில் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். தேறாவிட்டால் இந்த முறை நிற்காமல், ரேஷன் கார்டு, சாக்கடை, தெருவிளக்கு என்று வார்டு வேலைகளுக்கு அலையச் சொல்லுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.