ஃபிக்ஸ்டு டீல் முடிகிறதா? வாசலில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் கீழே எங்கள் மளிகைக் கடை, மாடியில் வீடு. வீட்டு மின்சாரம், காஸ் இரண்டுக்குமான ஃபிக்ஸ்டு டீல் (குறிப்பிட்ட காலத்துக்கு விலை மாறாத ஒப்பந்தம்) அடுத்த மாதம் முடிகிறது. "உடனே மாறாவிட்டால் பில் இரண்டு மடங்காகும்" என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்கிறார். மாறினால் அபராதம் உண்டா? கரண்ட் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. கம்பி, குழாய், மீட்டர் எல்லாம் அப்படியே இருக்கும். பில் அனுப்பும் கம்பெனி மட்டும் மாறும். அபராதமும் இல்லை. டீலின் கடைசி 49 நாளில் விலகினால் வெளியேறும் கட்டணம் கேட்க எந்தக் கம்பெனிக்கும் உரிமை கிடையாது. டீல் முடியும் தேதியைப் பார்த்து, அந்த 49 நாளுக்குள் வந்துவிட்டீர்களா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டு மடங்கு என்பது உங்களை அவசரப்படுத்தச் சொல்லும் பேச்சு. நீங்கள் எதுவும் செய்யாவிட்டால், இப்போதுள்ள கம்பெனியின் ஸ்டாண்டர்டு வேரியபிள் கட்டணத்துக்கு, அதாவது விலை ஏறி இறங்கும் சாதாரணக் கட்டணத்துக்கு, தானாகப் போவீர்கள். அதற்கு ஆஃப்ஜெம் என்ற மின்சார, காஸ் ஒழுங்குமுறை ஆணையம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உச்சவரம்பு வைக்கிறது. அந்த வரம்பு யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் (எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று கட்டும் தொகை) தான், மொத்த பில்லுக்கு அல்ல. இருந்தாலும் சில வாரம் அதில் இருந்து, நிதானமாக விலை பார்த்து மாறலாம். அதிலிருந்து விலகவும் கட்டணம் இல்லை.

வாசலுக்கு வருபவர் கமிஷனுக்கு வருபவர். "இப்போது மாதம் 140 பவுண்டு கட்டுகிறீர்கள், எங்களிடம் 110 போதும்" என்பார். வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாக எடுக்கும் டைரக்ட் டெபிட் தொகை வெறும் மதிப்பீடு. முதலில் குறைத்துப் போட்டு, நாலு மாதம் கழித்து ஏற்றிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டே: ஒரு யூனிட் எத்தனை பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு எத்தனை பென்ஸ்.

உதாரணத்துக்கு, ஒரு கம்பெனி யூனிட்டுக்கு 24 பென்ஸ், நாளுக்கு 60 பென்ஸ் என்கிறது. இன்னொன்று 26, 45 என்கிறது. ஆண்டுக்கு 1,800 யூனிட் எரிக்கும் சின்ன வீட்டுக்கு முதலாவது 651 பவுண்டு, இரண்டாவது சுமார் 632. யூனிட் விலை கூடினதுதான் இங்கே லாபம். 3,500 யூனிட் எரித்தால் கணக்கு தலைகீழ். உங்கள் ஆண்டுப் பயன்பாடு பில்லில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் இந்த ஏஜெண்டுகளில் பாதிப் பேருக்கு வேலையே இருக்காது. அதைச் செய்யத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

விலை ஒப்பிடும் இணையதளங்களும் கமிஷனில்தான் ஓடுகின்றன. சந்தையிலுள்ள எல்லா டீலையும் காட்டும்படி தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

உங்களைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து கீழே உள்ள கடைதான். கடைக்குத் தனி மீட்டர் இருந்தால் அது வணிக இணைப்பு. வீட்டுக்கு உள்ள உச்சவரம்பு அதற்குக் கிடையாது, ஒப்பந்தம் போட்ட பிறகு மனம் மாறுவதற்கான 14 நாளும் கிடையாது. போனில் "யெஸ்" என்று சொன்னாலே ஒப்பந்தம் செல்லும். குரலைப் பதிந்து வைத்திருப்பார்கள். தரகரின் கமிஷனை யூனிட் விலையிலேயே ஏற்றி, மூன்று வருடம், ஐந்து வருடம் என்று கட்டிப்போடுவார்கள். வீட்டு டீல் என்று பேசத் தொடங்கி, கடை மீட்டருக்குக் கையெழுத்து வாங்கும் ஆட்களும் உண்டு. நம் கடைக்காரர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எந்தத் தாளை நீட்டினாலும் அதிலுள்ள 13 இலக்க எம்பான் எண்ணை (MPAN, மின் இணைப்பின் அடையாள எண்) வீட்டு பில்லுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வாட் வரியையும் பாருங்கள்: வீட்டுக்கு 5 சதவீதம்தான். 20 என்றிருந்தால் அது கடைக் கணக்கு, பேனாவைக் கீழே வையுங்கள்.

டீலை நீங்களே புதிய கம்பெனியின் இணையதளத்தில் போடுங்கள். பழைய கம்பெனிக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமாக ஐந்து வேலை நாளில் மாறிவிடும். மாறும் நாளில் இரண்டு மீட்டரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கடைசி பில் வரும்வரை பழைய டைரக்ட் டெபிட்டை நிறுத்தாதீர்கள். அந்த பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். உங்கள் பணம் மீதி இருந்தால் அடுத்த பத்து வேலை நாளில் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் சுதந்திர அமைப்பான எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.