ஒரே ஒரு அமினோ அமிலம்

அன்புள்ள ஐயா,

புரதத்தின் வடிவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அரிவாள் செல் ரத்தசோகையில், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறதாம். மிச்சம் 145 சரியாக இருந்தும் ஏன் இவ்வளவு பாதிப்பு? வடிவமே குலைந்துவிடுகிறதா?

– ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

குலைவதில்லை. அந்த ஹீமோகுளோபின் ஏறக்குறைய சரியாகவே மடிந்து தன் வடிவத்தைப் பெறுகிறது, ஆக்சிஜனையும் சுமக்கிறது. சிக்கல் அதன் வெளிப்பரப்பில்.

மாறியிருப்பது 6ஆவது இடம். அங்கே இருக்கவேண்டிய குளூட்டாமிக் அமிலம் மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு ஒத்துப்போகும். பதிலுக்கு வந்திருக்கும் வாலின் என்ற அமினோ அமிலத்துக்கோ தண்ணீர் ஆகாது. பொதுவாக இந்த வகை அமினோ அமிலங்கள் சங்கிலி மடியும்போது உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். புரதம் மடிவதற்கே முக்கியக் காரணம் அதுதான். ஆனால் 6ஆவது இடம் இருப்பது வெளியே. வாலினால் ஒதுங்க முடியாது.

ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஹீமோகுளோபினின் வடிவம் சற்று மாறும். இதை நீங்கள் படித்திருப்பீர்கள். அப்போது பீட்டா சங்கிலியில், 85ஆவது, 88ஆவது அமினோ அமிலங்களுக்கு அருகே, தண்ணீரை ஒதுக்கும் சிறு குழி ஒன்று திறக்கிறது. பக்கத்து மூலக்கூறின் வாலின் அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதோடு இன்னொன்று, அதோடு மற்றொன்று என்று சேர்ந்து நீண்ட இழைகளாகிவிடும். இழைகள் உள்ளிருந்து தள்ள, சிவப்பணு விறைத்து அரிவாள் போல வளைகிறது, மெல்லிய ரத்தக்குழாய்களில் சிக்குகிறது. 120 நாள் வாழவேண்டிய அணு 10, 20 நாளில் அழிந்துவிடுகிறது.

சரி, 6ஆவது இடம் மாறினாலே இப்படித்தானா? இல்லை. ஹீமோகுளோபின் சி என்றொரு வகை உண்டு. அதே 6ஆவது இடத்தில் லைசின். அதுவும் மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு சேரும், அந்தக் குழிக்குள் போகாது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்குக்கூட லேசான சோகைதான் வரும், அணுக்கள் அரிவாளாக வளைவதில்லை. வடிவத்தோடு பரப்பின் இயல்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. வேறு இடங்களில் நேரும் மாற்றங்கள் பலவற்றால் தொந்தரவே இருப்பதில்லை.

நோயின் வேர் ஹீமோகுளோபின் மூலக்கூறில்தான் என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு 1949இல் காட்டியது. அந்த ஒற்றை மாற்றத்தைக் கண்டுபிடித்தவர் வெர்னான் இங்கிராம்.

அப்புறம், சிகிச்சையையும் இதே வழியில் புரிந்துகொள்ளலாம். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, கருவில் இருக்கும்போது உடல் தயாரித்த பழைய வகை ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுகிறது. அது இந்த இழைகளில் சேராது, சேர்க்கையையும் தடுக்கும்.