மழைத் தோட்டத்தில் தன்னார்வலருக்கு என்ன வேலை?

அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு இயற்கைக் காப்பகத்தின் மழைத் தோட்டத்தைப் பராமரிக்கச் சேர்ந்திருக்கிறீர்கள். மழைத் தோட்டம் என்றால், ஓடிவரும் மழைநீரைப் பிடித்து மண்ணில் இறக்க, செடிகள் நட்ட ஆழமில்லாத பள்ளம். தண்ணீர் ஊற்றுவதுதான் வேலையா, கொசு வராதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செடி வேர்பிடிக்கும்வரைதான் தண்ணீர். அப்புறம் முக்கால்வாசி நேரம் களையெடுப்புதான். முதலில் ஜப்பானிய ஸ்டில்ட்கிராஸ் என்ற களைப்புல்லை அடையாளம் காணப் பழகுங்கள்: இலையின் நடுவே, கொஞ்சம் தள்ளி, வெள்ளிக்கோடு ஒன்று ஓடும். வேர் ஆழம் போகாது. மழைக்கு மறுநாள் இழுத்தால் முழுதாகக் கையோடு வந்துவிடும். கோடை முடிவதற்குள், விதை விழுமுன் பிடுங்கிவிட வேண்டும்.

ஸ்வாம்ப் மில்க்வீட் களையல்ல, தோட்டத்தில் இருக்க வேண்டிய செடி; வசந்தத்தில் தாமதமாகத்தான் துளிர்க்கும். செத்துவிட்டது என்று தயவுசெய்து தோண்டிவிடாதீர்கள். நம் எருக்குக்கு உறவு இது. கிள்ளினால் அதே வெள்ளைப் பால். மொனார்க் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு மில்க்வீட் வகைகளை விட்டால் வேறு சாப்பாடில்லை. இலையைத் திருப்பிப் பாருங்கள், குண்டூசித் தலையளவில் முட்டை ஒட்டியிருக்கும்.

சரி, கொசு. மழைநீர் 2 நாளுக்குள் மண்ணில் இறங்கிவிட வேண்டும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் ஆகும், அதனால் கொசு பெருக வழியில்லை. 2 நாளுக்கு மேல் நீர் தேங்கினால், நீர் நுழையும் இடத்தில் படிந்த வண்டலையும் சருகையும் அள்ளுங்கள்.

காய்ந்த தண்டுகளைக் குளிர்காலத்தில் வெட்டவே வேண்டாம். உள்ளே காட்டுத் தேனீக்களின் குஞ்சுகள் இருக்கும்.