துப்பாக்கி சுடும் தளத்தில் கீழே கிடக்கும் காலித் தோட்டாக்களை எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம். ஆனால் ரேஞ்ச் பொறுப்பாளரிடமும் சுட்டவரிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் ஒன்றைக்கூட எடுக்க வேண்டாம். உங்கள் பிள்ளை சுட்டு விழுந்ததாக இருந்தாலும் சரி.

"கீழேதானே கிடக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சேலம் என்றும் போட்டிருக்கிறீர்கள். மகனையோ மகளையோ ரைபிள் கிளப்பில் சேர்த்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதுவரை 10 மீட்டர் ஏர் ரைபிளாக இருந்திருக்கும். அதில் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு காற்றழுத்தத்தில் போகிறது, பின்னால் எதுவும் மிஞ்சாது. இப்போது 50 மீட்டருக்கு வந்து, வெடிமருந்துத் தோட்டா போடுகிற .22 ரைபிளைத் தொட்டிருப்பார்கள். சுடச் சுடப் பித்தளை உறை மஞ்சளாக ஒவ்வொன்றாகக் கீழே விழும். பார்க்கிற யாருக்கும் எடுத்துப் பையில் போடத்தான் தோன்றும். அந்த ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் நடத்தியது போக என்.சி.சி. பொறுப்பும் பல வருடம் என்னிடம் இருந்தது. மலையடிவாரத்து ரேஞ்சுகளில் பிள்ளைகளைப் படுக்க வைத்துச் சுட வைத்திருக்கிறேன். அங்கே காலித் தோட்டாவை எம்ப்டி என்போம், வடநாட்டு ஹவில்தார்கள் கோக்கா என்பார்கள். என்.சி.சி.யில் தோட்டாவைவிட எம்ப்டிக்குத்தான் மரியாதை அதிகம். தோட்டா சுட்டதும் போய்விடுகிறது. எம்ப்டிதான் கணக்கு. இத்தனை ரவுண்டு (தோட்டா) வாங்கினோம், இத்தனை சுட்டோம், இத்தனை சுடாமல் திரும்பியது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், சுட்ட ஒவ்வொன்றுக்கும் எம்ப்டியைக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும், ஒரு தோட்டா சுடாமல் வெளியே போயிருக்கிறது என்றுதான் மேலே இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி நினைப்பதுதான் அவர்கள் வேலை.

அதனால் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே போல்ட்டை, அதாவது எம்ப்டியை வெளியே எடுக்கும் கைப்பிடியை, மெதுவாக இழுக்கத்தான். வெடுக்கென்று இழுத்தால் எம்ப்டி வலது பக்கம் துள்ளிப் போய்ப் பக்கத்துப் பையனின் காலருக்குள் சுடச்சுட விழும், இல்லையென்றால் புல்லுக்குள் போய்விடும். நிதானமாக இழுத்தால் கைக்குப் பக்கத்திலேயே விழும். சுட்டு முடித்து எழுந்ததும், "லைவ் ரவுண்டோ எம்ப்டியோ என்னிடம் இல்லை, சார்" என்று ஒவ்வொருவனும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வாக்குமூலம்.

ஒரு கேம்ப்பில் கடைசி டீடெயில் (ஒரு முறைக்குச் சேர்ந்து சுடுகிற குழு) சுட்டு முடித்தபின் கணக்கில் ஒன்று குறைந்தது. ஹவில்தார் மரப்பலகை மேல் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார், திரும்ப எண்ணினார், குறைந்ததுதான். தார்ப்பாய்களைத் தூக்கி உதறினோம். புல்லை விரலால் கோதிப் பார்த்தோம். மணல் மூட்டைகளுக்கு இடையில் கையை விட்டுத் துழாவினோம். பையன்கள் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, காலையில் சாப்பிட்ட பொங்கலோடு நின்றுகொண்டிருந்தார்கள், ஒருத்தனும் முணுமுணுக்கவில்லை.

அப்போதுதான் ஒருவர் சொன்னார்: "அந்த மலைப்பையன் பையைப் பாருங்க சார். அவங்க ஊர்லதான் வீட்டுக்கு வீடு துப்பாக்கி."

அந்தப் பையன் சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவன். விடியற்காலையில் மலையிலிருந்து இறங்குகிற முதல் பஸ்ஸைப் பிடித்து பரேடுக்கு வருவான், ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அவன் பையைத் தனியாகப் பிரித்தார்கள். துண்டு, டிபன் பாக்ஸ், மடித்த ஒரு லுங்கி, அம்மா கொடுத்துவிட்ட பலாச்சுளை பேப்பரில் சுற்றியது. அந்தப் பேப்பரையும் பிரித்தார்கள். அவன் அட்டென்ஷனிலேயே நின்றான். கண் நேராக இருந்தது, தாடை மட்டும் இறுகியிருந்தது.

நான் இரண்டு விஷயம் சொன்னேன். அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்வேன். மலையில் சில வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி இருப்பதும், ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீஸ் ஊர் ஊராகப் போய்ச் சொல்வதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாட்டுத் துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது. குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணியோ நாரோ அடைத்து, கம்பியால் இடித்து, ஈயத்தைப் போடுவார்கள். பித்தளை உறைக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்தது, .22 எம்ப்டியை மறுபடி நிரப்பவும் முடியாது. பெரிய தோட்டாக்களுக்கு அடியில் நடுவில் தனியாக ஒரு கேப் (பற்றவைக்கும் மருந்து வைத்த சின்ன மூடி) இருக்கும், அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். .22-க்கு அந்த வெடிமருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது. நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். ஆக, அந்தப் பையன் எடுத்திருந்தாலும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. துப்பாக்கியோடு பல வருடம் பழகியவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் நினைப்பு அங்கே போகவில்லை, ஊரின் பெயரில் நின்றுவிட்டது.

"பையைப் பார்க்கணும்னா எல்லார் பையையும் பாருங்க. என்னோடதுல இருந்து ஆரம்பிங்க" என்று என் பையைத் தார்ப்பாயில் கவிழ்த்தேன்.

அந்த நேரத்தில்தான் விருந்தினர்கள் உட்கார்ந்திருந்த ஷாமியானா பக்கமிருந்து கீச்சென்று ஒரு விசில் கேட்டது. காலித் தோட்டாவின் வாயைக் கீழுதட்டில் வைத்து ஊதினால் வருகிற சத்தம் அது, ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. கேம்ப் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய மனிதரின் பையன், எட்டு ஒன்பது வயது இருக்கும், உருண்டு வந்த எம்ப்டியை எடுத்து டவுசர் பையில் வைத்திருக்கிறான். குழந்தைமேல் எனக்குக் கோபமில்லை. அவனிடம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் அப்பா சிரித்துக்கொண்டே, "ஒரு காலி குண்டுக்கா சார் இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். கணக்கு சரியாகிவிட்டது, எல்லாரும் கலைந்தார்கள். பையைப் பிரித்தவர்களில் ஒருவர்கூட அந்த மலைப்பையனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனே உட்கார்ந்து பலாச்சுளையை மறுபடி பேப்பரில் சுற்றினான்.

அடுத்த ஃபயரிங்கில் எம்ப்டி பொறுக்கி எண்ணும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். சிலருக்கு முகம் மாறியது. நான் மாற்றவில்லை. அவன் என்.சி.சி.யின் கடைசிக் கட்டமான 'சி' சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போகும்வரை அந்தப் பலகை அவனிடம்தான் இருந்தது.

"யாருக்கு நஷ்டம்" என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். எடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. வரிசையில் யார் கடைசியில் நிற்கிறார்களோ, யாருக்காகப் பேச ஆளில்லையோ, அவர் தலையில் விழும்.

உடனே ஒருவர் வந்து, "நீங்கள் சொல்வது என்.சி.சி. கதை, தனியார் கிளப் வேறு" என்பார். வேறுதான். கிளப்பில் தோட்டா வாங்கியவர் உறுப்பினர் என்றால் எம்ப்டியும் அவருடையது, கிளப் வாங்கிக் கொடுத்தது என்றால் கிளப்புடையது. ஆனால் அங்கேயும் ஸ்டாக் புத்தகம் உண்டு, லைசென்ஸில் இத்தனை தோட்டாதான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கிளப்பில் எம்ப்டியை டின்னில் சேர்த்து வைத்து, செயலாளர் முன்னால் எடை போட்டுப் பழைய பித்தளைக்காரரிடம் கொடுப்பார்கள். அந்தப் பணம் டார்கெட் மாட்டுகிற, ரேஞ்சைக் கூட்டுகிற ஆளுக்கு ஆயுத பூஜையன்று போகும். நீங்கள் குப்பை என்று நினைத்து அள்ளுவது அவருடைய பணமாக இருக்கலாம். பணம் என்றாலும் பெரிதில்லை, .22 எம்ப்டி ஆயிரம் சேர்த்தாலும் ஒரு கிலோ தேறாது. அந்தச் சின்னத் தொகையும் அவருக்குக் குறையக் கூடாது, அதனால்தான் கேட்டுவிட்டு எடுங்கள் என்கிறேன்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒன்று. அங்கே பித்தளை பொறுக்குவது பெரிய பழக்கம், வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கேகூடச் சுட்டவரைக் கேட்காமல் அவர் காலடியில் கிடப்பதை எடுப்பது அநாகரிகம். தரையில் விழுந்தால் ரேஞ்சுக்குச் சொந்தம் என்று எழுதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. நம் ஊரில் தோட்டா தயாரிப்பதற்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். வீட்டில் நிரப்பிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். விளையாட்டாகச் செய்தேன் என்று கோர்ட்டில் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

லைசென்ஸ் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஏற்காடு பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் காபித் தோட்டம், அப்பா காலத்து 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி ஒன்று, முறையான லைசென்ஸோடு. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, துணி சுற்றிக் கொடுக்கிறோம். திரும்பி வரும்போது குழலுக்குள் துரு. ஒருமுறை பெல்ட்டே இல்லை. எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை, ஒப்படைப்பதே தவறு என்றும் சொல்லவில்லை, அமைதியாகத் தேர்தல் நடக்க அது தேவைதான். ஆனால் எங்களிடம் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்கிறவர்கள், நாங்கள் நம்பிக் கொடுத்த பொருளை மழைத்தண்ணீர் ஒழுகும் அறையில் சாய்த்து வைப்பது நியாயமா? ரசீதில் "நல்ல நிலையில்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு முதல் .22 நாளின் நினைவாக ஒன்று வேண்டும், அவ்வளவுதானே? சுடுவதற்கு முன்பே பொறுப்பாளரிடம், "சார், முடிஞ்சதும் ஒரே ஒரு எம்ப்டி ஞாபகத்துக்கு எடுத்துக்கட்டுங்களா? கணக்குல எழுதிட்டுக் கொடுத்தாப் போதும்" என்று கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். போலீஸ் ரேஞ்ச், என்.சி.சி. ரேஞ்ச் என்றால் கேட்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். பொறுப்பாளர் மறுத்துத்தான் ஆக வேண்டும், அவரை அந்தச் சங்கடத்தில் நிறுத்தாதீர்கள்.

சுட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கக் குனியக் கூடாது. எல்லாத் துப்பாக்கியும் காலி செய்து, போல்ட் திறந்து, சேம்பரில் (தோட்டா போடும் அறையில்) கொடி செருகி, பொறுப்பாளர் வாயால் சொன்னபிறகுதான். சுடும் கோட்டுக்கு முன்னால் உருண்டு போனதை மறந்துவிடுங்கள், அது தங்கமாக இருந்தாலும். பக்கத்து லேனில் கிடப்பது பக்கத்து லேன்காரருடையது. 25 மீட்டர் பிஸ்டலில் தானாகவே தெறித்து வருவதால் நடுவில் தடுப்பு வைத்திருப்பார்கள், அதைத் தாண்டி உங்கள் பக்கம் வந்தாலும் எடுத்து அவரிடமே கொடுங்கள்.

இதைப் பிள்ளைக்குக் கட்டாயம் காட்டிக் கொடுங்கள்: சுட்ட உறையின் வாய் திறந்திருக்கும், அடிவிளிம்பில் ஊசி குத்திய பள்ளம் இருக்கும். பள்ளம் இருந்தும் முனையில் ஈயம் அப்படியே இருந்தால் அது எம்ப்டி இல்லை, வெடிக்காத தோட்டா. தொடாமல் கையைத் தூக்கிப் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

கிடைத்ததை வாயில் வைத்து விசில் ஊத விடாதீர்கள். உள்ளே படிந்திருக்கும் கரியில் ஈயம் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் அதை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சாவிக்கொத்தில் மாட்டாமல் அலமாரியில் வையுங்கள். சாவிக்கொத்தில் மாட்டினால் ஏர்போர்ட் ஸ்கேனரில் அது தோட்டாவாகத்தான் தெரியும், நம் சேலம் ஏர்போர்ட் இருக்கும் கமலாபுரத்தில் ஏறும்போது மறந்துபோய் மாட்டிக்கொள்வீர்கள்.