கச்சா ஒலியும் கலங்கிய ஒலியும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ப்ளாக் மெட்டல் என்ற கடும் மெட்டல் இசையை வாசிக்கும் நார்வே பாண்ட் டார்க்த்ரோனைப் பற்றியும், அவர்களுடைய 'டிரான்ஸில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தின் கச்சா ஒலியைப் பற்றியும் நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். நானும் நண்பர்கள் மூவரும் ப்ளாக் மெட்டல் பாண்ட் ஒன்றைத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. பயிற்சி அறையில் ஃபோனை வைத்து மூன்று பாடல்களைப் பதிவு செய்தோம், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேட்டால் ஒரே இரைச்சல். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) எங்கே மாறுகிறது என்று வாசித்த எங்களுக்கே பிடிபடவில்லை. எங்கள் டிரம்மர், "இந்த இசையே மோசமாகப் பதிவு செய்வதுதானே, அப்படியே விடு" என்கிறான். அவன் சொல்வது சரியா? டார்க்த்ரோனும் ஒன்றும் தெரியாமல், கையில் ஒன்றும் இல்லாமல்தானே தொடங்கினார்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் டிரம்மருக்கு முதலில் காலவரிசையைச் சொல்லுங்கள். ஆஸ்லோவை ஒட்டிய கோல்பொட்ன் என்ற ஊரில் 1986இல் 'ப்ளாக் டெத்' என்ற பெயரில் பதின்வயதுப் பையன்கள் சேர்ந்தார்கள். 1987 முடிவதற்குள் பெயர் டார்க்த்ரோன் ஆயிற்று. 1988லும் 1989லுமாக நான்கு டெமோக்கள், அதாவது மாதிரிப் பதிவுகள். அவற்றை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், கை தேர்ந்துகொண்டே வருவது தெரியும். அதன் பலனாகத்தான் இங்கிலாந்தின் பீஸ்வில் இசை வெளியீட்டு நிறுவனம் நான்கு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. முதல் ஆல்பமான 'சோல்சைட் ஜர்னி'யை ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். 1991இல் வெளியானது. அது ப்ளாக் மெட்டல் அல்ல, முழுக்க டெத் மெட்டல் என்ற வேறு வகை. தாளம் திடீர் திடீரென்று மாறும், ரிஃப்கள் சிக்கலானவை. வாசிக்கத் தெரியாதவர்களால் அதை எடுத்திருக்க முடியாது.

அடுத்து அதே பாணியில் 'கோட்லார்ட்' என்ற ஆல்பத்துக்கான பாடல்கள் தயாராகிக்கொண்டிருந்தன. அதை அப்படியே கிடப்பில் போட்டுவிட்டு, 1991 ஆகஸ்டில் சொந்த ஊரின் கிரியேட்டிவ் ஸ்டூடியோவுக்குப் போய் 'எ ப்ளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை'யைப் பதிவு செய்தார்கள். 1987இல் மேஹெம் என்ற இன்னொரு நார்வே பாண்ட் 'டெத்க்ரஷ்' பதிவு செய்த அதே ஸ்டூடியோ. ஒலிநாடாவைக் கேட்ட பீஸ்வில் தயங்கியது. டெத் மெட்டல் பாண்ட் என்று நம்பி ஒப்பந்தம் போட்டவர்கள் அல்லவா? பாண்ட் அசையவில்லை. 1992இல் அது அப்படியே வெளிவந்தது. உற்றுக் கேட்டால் அதன் சில ரிஃப்களில் பழைய டெத் மெட்டலின் எலும்புகள் தெரியும். மாற்றம் அவ்வளவு வேகமாக நடந்தது. பாஸ் வாசித்த டாக் நில்சனுக்கு இந்தத் திசை பிடிக்கவில்லை, தன் பகுதியை முடித்துக் கொடுத்துவிட்டு விலகினார்.

நீங்கள் சொல்லும் 'டிரான்ஸில்வேனியன் ஹங்கர்' நான்காவது ஆல்பம். 1993 கடைசியில், ஃபோர் ட்ராக் கேசட் இயந்திரத்தில் (நான்கு தனித்தனி ட்ராக்குகளில் பதிவு செய்வது), பாண்டின் டிரம்மர் ஃபென்ரிஸ் ஒருவரே எல்லாக் கருவிகளையும் வாசித்தார். குரல் மட்டும் நாக்டர்னோ கல்ட்டோ. ஆக, அந்தக் கச்சா ஒலி வருவதற்கு முன்னால் ஏழு வருடப் பயிற்சியும் நல்ல ஸ்டூடியோ அனுபவமும் இருக்கின்றன. எதை எடுத்துவிடலாம் என்று தெரிந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். (அதே ஆல்பத்தின் முதல் பதிப்பில் பின்னட்டையில் 'ஆரிய' ப்ளாக் மெட்டல் என்று அச்சிட்டார்கள். பின்னர் நீக்கப்பட்டது. இசையை எவ்வளவு நேசித்தாலும் அந்த வரிக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.)

அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலை இன்னொரு முறை கேளுங்கள். ஆறு நிமிடத்துக்கு டிரம்ஸ் ஏறத்தாழ ஒரே அடியாகப் போகிறது. ஒலி எவ்வளவு மெலிந்திருந்தாலும் ரிஃப் ஒவ்வொரு முறை மாறுவதும் தெளிவாகக் கேட்கிறது. உங்கள் பதிவில் கேட்காதது அதுதான். எனக்குத் தெரிந்தவரை காரணங்கள் மூன்று.

முதலாவது டிஸ்டார்ஷன், கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் சிதைப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிய பாண்டுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து டிஸ்டார்ஷன் வழியாக அனுப்பினால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசமும் ஒரு புதிய ஸ்வரமாகப் பிறக்கும். 110 ஹெர்ட்ஸில் ஏ, 165இல் ஈ. வித்தியாசம் 55. அது அதே ஏ, ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் இப்படி இரண்டே ஸ்வரங்கள் சேர்ந்த பவர் கார்டு எவ்வளவு கெய்னையும் (டிஸ்டார்ஷனைக் கூட்டும் அளவு) தாங்குகிறது. ப்ளாக் மெட்டலின் சோகம் மைனர் மூன்றாம் ஸ்வரத்தில் இருக்கிறது. 110 ஏயோடு 131 சியைச் சேர்த்தால் வித்தியாசம் 21. கார்டோடு ஒட்டாத ஒரு உறுமல். நீங்கள் கேட்கும் கலங்கல் அதுதான். கெய்னைப் பாதியாகக் குறையுங்கள். வாசிக்கும்போது 'போதவில்லை' என்று தோன்றும் அளவு பதிவுக்குச் சரியாக இருக்கும். மைனர் கார்டுகளைத் தடித்த கம்பிகளில் வைக்காமல் நடுக் கம்பிகளில், ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே வையுங்கள். ஆம்பில் பாஸைக் குறையுங்கள், மிட்ரேஞ்சைத் தொடாதீர்கள். மிட்டை வெட்டினால் தனியாகக் கேட்கும்போது பயங்கரமாக இருக்கும், டிரம்ஸோடு சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும்.

இரண்டாவது டிரம்மரின் கை. ப்ளாஸ்ட் பீட் (சிம்பல், ஸ்னேர், கிக் எல்லாம் இடைவிடாமல் அதிவேகமாக விழும் தாளம்) அடிக்கும்போது வலது கை சிம்பலை ஓங்கி அடிக்கிறது, இடது கையின் ஸ்னேர் களைத்துப் போய்ப் பூனை நடை நடக்கிறது. ஒற்றை மைக்கில் இதைச் சரிசெய்யவே முடியாது, பின்னால் எந்த மிக்ஸிங்கும் உதவாது. சிம்பலை மெதுவாகவும் ஸ்னேரை அழுத்தியும் அடிக்கப் பழக வேண்டும். வேகம் தாங்கவில்லையா, நிமிடத்துக்குப் பத்து பீட் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்னேர் சீராக விழும் மெதுவான ப்ளாஸ்ட், தடுமாறும் வேகமான ப்ளாஸ்டைவிட வேகமாகவே கேட்கும்.

மூன்றாவது ஃபோன். அதில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு உண்டு. ஒவ்வொரு கிக்குக்கும் அது மொத்த ஒலியையும் கீழே இழுத்துவிட்டு மெல்ல மேலே விடும். கிட்டார் மூச்சுவாங்குவது போல ஏறி இறங்குவது அதனால்தான். கேசட் டேப் அதிக ஒலியை மெல்ல நசுக்கும், ஃபோன் கத்தி வைத்தாற்போல் நறுக்கும். இரண்டும் ஒரே 'மோசம்' ஆகாது. தானியங்கி அளவை அணைக்கக்கூடிய ரெக்கார்டிங் செயலி இருந்தால் போடுங்கள். டிரம்ஸின் சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாது என்பதால் ஸ்னேரை அளவுகோலாக வைத்து ஆம்ப்களை ஏற்றி இறக்குங்கள். ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டு, ஃபோனை அரை அடி நகர்த்தி மறுபடி பதிவு செய்யுங்கள். இப்படி ஒரு மாலை முழுக்கச் செலவிட்டாலும் வீணில்லை.

ஃபோர் ட்ராக் கேசட் இயந்திரம் கிடைத்தால் வாங்கலாம். பல மாடல்கள் இரட்டை வேகத்தில் ஓடும், நான்கு ட்ராக்கும் ஒரே திசையில் பதிவாகும். ஆகவே 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். குரோம் டேப் போடுங்கள். 120 நிமிட டேப் மெல்லியது, இழுபடும், வேண்டாம். பதிவுக்கு முன் ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அளவை மிக உயர்த்தினால் டேப் முதலில் இழப்பது ட்ரெபிளை, அதனால் சிம்பல் இருக்கும் ட்ராக்கை மட்டும் தாழ்த்தியே வையுங்கள். டிரம்ஸ் ஒன்று, கிட்டார் இரண்டு, குரல் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் ஒரு ட்ராக்கை இன்னொன்றுக்கு மாற்றிப் பதியும் வேலை இருக்காது. அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், மேல் ஒலி மங்கும். பாஸை எங்கே வைப்பது என்பீர்கள். டிரம்ஸோடு சேர்த்து ஒரே ட்ராக்கில் நேரடியாக வாசித்துவிடுங்கள்.

குரலைக் கடைசியாக, வேறொரு நாளில் எடுங்கள். தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், மறுநாள் சரியாகிவிடும் என்று கத்திக்கொண்டே இருக்கக் கூடாது. புதிய பதிவை அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.