பழைய சிற்றாலயத்தைத் தங்கும் விடுதியாக மாற்ற முடியுமா?

சென்னை சாந்தோம் பக்கம் வழிபாடு நின்று பூட்டிக் கிடக்கும் பழைய கிறிஸ்தவச் சிற்றாலயத்தைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருவோர் தங்கும் இடமாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றலாம். ஆனால் கொத்தனாரைக் கூப்பிடும் முன் பத்திரத்தைப் பாருங்கள். கத்தோலிக்க ஆலயம் என்றால் மறைமாவட்ட ஆயரின் ஒப்புதல் வேண்டும். வேறு பயனுக்கு விடலாம், அது இழிவானதாக இருக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். (மது பார் யோசனை இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள்.) அப்புறம் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் 100 மீட்டருக்குள் இருந்தால் புதுக் கட்டுமானம் கூடாது.

உண்மையான வேலை சுவரில்தான். அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும். ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து பூச்சு பாளம் பாளமாக உதிரும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, சுண்ணாம்பிலேயே பூசச் சொல்லுங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம்) என்றால், தேக்கு உத்தரங்கள் சுவருக்குள் புகும் முனைகளைக் குத்திப் பாருங்கள். கரையானும் மக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

குளியலறையைப் பழைய சுவரோடு ஒட்டாமல் தனியாக நிற்கும்படி கட்டுங்கள். பீடம் இருந்த இடத்தில் கட்டில் போடாதீர்கள், அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும்.